ஹேர் டை, கறுப்பு மெகந்தி, ஸ்ப்ரே டான்: சாய அலர்ஜி பற்றி வேலூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூரில் மருந்துக்கடை கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறவன் நான். டாக்டர் இல்லை. ஆவணி முகூர்த்தம் தொடங்கினாலும் சரி, ரம்ஜான் நெருங்கினாலும் சரி, வீங்கிய கண்ணோடும் தடித்த கையோடும் ஆட்கள் வந்து "ஏதாவது ஒரு ஆயின்மென்ட் குடுங்க" என்று நிற்பார்கள். விசாரித்தால் பெரும்பாலும் முடிக்கோ கைக்கோ போட்ட கறுப்புச் சாயத்தில் போய் முடியும். அவர்கள் கேட்பதையும் அதற்கான பதில்களையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

"பத்து வருஷமா இதே டைதான் அடிக்கிறேன். இப்ப மட்டும் எப்படி அலர்ஜி வரும்?"

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். பதில் பலருக்குப் பிடிப்பதில்லை. ஒரு பொருள் முன்பே உடம்பில் பட்டு, உடம்பு அதை அடையாளம் வைத்துக்கொண்ட பிறகுதான் அலர்ஜி வரும். பத்து வருடம் அடித்தீர்கள் என்பது நீங்கள் தப்பித்ததற்கு அத்தாட்சி இல்லை. அடையாளம் வைத்துக்கொள்ள உடம்புக்கு அத்தனை முறை வாய்ப்புக் கொடுத்திருக்கிறீர்கள் என்றுதான் அர்த்தம்.

கறுப்பு டையில் குற்றவாளி பெரும்பாலும் பாரா ஃபீனிலீன் டைஅமீன். சுருக்கமாக பி.பி.டி. என்பார்கள். இது தனியாக இருக்கும்போது கறுப்பாக இருக்காது. கூடவே வரும் டெவலப்பரில் உள்ள ஹைட்ரஜன் பெராக்சைடோடு சேரும்போதுதான் முடிக்குள் நிறமாக மாறுகிறது. அப்படி மாறும் நேரத்தில் தோலில் இறங்கும் கொஞ்சம் போதும், நம் நோய் எதிர்ப்பு அணுக்கள் விழித்துக்கொள்ள. தோலில் பட்டு வரும் அலர்ஜியைப் பார்க்கும் அமெரிக்க டாக்டர்களின் சங்கம் 2006-ஆம் ஆண்டுக்கான அலர்ஜிப் பொருளாக இதைத்தான் அறிவித்தது. டையின் நிறம் கறுக்கக் கறுக்க பி.பி.டி.யும் பொதுவாகக் கூடும். நம் ஊரில் எல்லோரும் வாங்குவதோ "நேச்சுரல் பிளாக்".

ஒருமுறை வந்துவிட்டால் இந்த அலர்ஜி அநேகமாக ஆயுளுக்கும் இருக்கும். அடுத்த முறை இன்னும் சீக்கிரமாக, இன்னும் பலமாக வரும். "போன தடவை லேசா அரிச்சுது, அதனால இந்தத் தடவை கொஞ்சமா அடிச்சேன்" என்று சொல்கிறவர்கள்தான் பெரும்பாலும் கண் திறக்க முடியாமல் வந்து நிற்பார்கள்.

"ஞாயித்துக்கிழமை டை அடிச்சேன். செவ்வாய்க்கிழமைதான் வீங்குச்சு. அப்ப டை காரணமா இருக்காதே?"

டையேதான். இது தாமதமாக வரும் வகை அலர்ஜி. ஏற்கெனவே அலர்ஜி ஆனவருக்கு ஒன்று முதல் மூன்று நாளுக்குள் அரிப்பு, சிவப்பு, வீக்கம், நீர்க் கொப்புளம் எல்லாம் கிளம்பும். வாழ்க்கையில் முதல் தடவையாக அலர்ஜி ஆகிறவருக்கு ஒரு வாரம், இரண்டு வாரம்கூட ஆகலாம். அதற்குள் நடுவில் சாப்பிட்ட கத்தரிக்காய், கருவாடு, கல்யாண வீட்டு பிரியாணி எல்லாவற்றின் மீதும் பழி விழுந்துவிடுகிறது. உண்மையில் பிரியாணிக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை.

வீங்கும் இடமும் ஆளைக் குழப்பும். தலைத்தோல் தடிமனானது, அது ஓரளவு தாங்கிக்கொள்ளும். கண் இமை, காது மடல், நெற்றி ஓரம், பின்கழுத்து ஆகியவைதான் முதலில் வீங்கும். தலை நன்றாக இருக்கிறதே என்று டையை விட்டுவிட்டு, முகத்துக்குப் போட்ட சோப்பைச் சந்தேகப்படுவார்கள். வேலூர் வெயிலில் வியர்வையோடு சாயம் கழுத்துக்கும் முதுகுக்கும் வழிந்தால் அங்கும் தடிப்பு வரும்.

"பாக்கெட்டில் ஹெர்பல்னு போட்டிருக்கு. மருதாணிப் படம்கூட இருக்கு. அதுல என்ன கெமிக்கல்?"

பாக்கெட்டின் முன்பக்கத்தை விடுங்கள். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் பட்டியலைப் படியுங்கள். பாரா ஃபீனிலீன் டைஅமீன் என்றோ, பி.பி.டி. என்றோ, பாரா டொலுயீன் டைஅமீன் என்றோ இருந்தால் முன்பக்கத்தில் நெல்லிக்காய் படம் போட்டிருந்தாலும் அது கெமிக்கல் டைதான். பட்டியலே இல்லாத பாக்கெட்டாக இருந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

படிக்கச் சிரமமாக இருந்தால் நிறத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம். மருதாணி இலையில் நிறம் தருவது லாசோன் என்ற பொருள். அது ஆரஞ்சிலிருந்து செம்பழுப்பு வரைதான் போகும், ஒருநாளும் கறுப்பாகாது. எனவே மருதாணிப் பொடி என்ற பெயரில் அரை மணி நேரத்தில் நரைமுடியைக் கறுப்பாக்கும் எதிலும் வேறு ஏதோ கலந்திருக்கிறது.

இந்திய விதிப்படி சாயம் கலந்த ஹேர் டை பாக்கெட்டில் இரண்டு எச்சரிக்கைகள் இருக்க வேண்டும். சிலருக்குத் தோல் எரிச்சல் வரலாம், முதலில் சோதித்துப் பார்க்கவும் என்பது ஒன்று. புருவத்துக்கும் கண் இமை முடிக்கும் போடக்கூடாது, போட்டால் பார்வையே போகலாம் என்பது மற்றொன்று. சாஷேவைக் கிழித்துக் கிண்ணத்தில் கொட்டிய கையோடு குப்பையில் போடுகிறவர்கள் இதையெல்லாம் எங்கே படிக்கப் போகிறார்கள்!

"அப்போ மீசைக்கு?"

மீசைக்கு அடிக்கிறவர்களைத்தான் நான் அதிகம் கவலையோடு பார்க்கிறேன். தலைத்தோலைவிட மேலுதட்டுத் தோல் மெல்லியது. ஷேவ் பண்ணிய சூட்டோடு அடித்தால் சாயம் இன்னும் சுலபமாக உள்ளே போகும். தலைக்கு ஒன்றும் ஆகாமல் மீசையில் மட்டும் நீர் கோத்து, பொருக்கு தட்டி, உதடு தடித்துப் போய் வருகிறவர்கள் உண்டு. கல்யாணத்துக்கு முந்தின நாள் அடிப்பது இன்னும் மோசம், போட்டோ எடுக்கும் நேரத்துக்குச் சரியாக வீங்கும். சலூனில் அடித்துவிட்டாலும் இதே கதைதான். எந்த டை என்று கேட்டுவிட்டு உட்காருங்கள்.

"கைக்குப் போட்ட மெகந்தி டிசைன் அப்படியே புண்ணா எழும்பியிருக்கு. இது என்ன?"

கறுப்பு மெகந்தி. பெயர்தான் மெகந்தி, வேலையெல்லாம் பி.பி.டி.யுடையது. தலைக்கு அடிக்கும் டையிலாவது ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. ஐரோப்பாவில் கலந்த பிறகு 2 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. தோலில் நேரடியாகப் பூசுவதற்கு அங்கேயும் அமெரிக்காவிலும் பி.பி.டி.க்கு அனுமதியே கிடையாது. கறுப்பு மெகந்தி கோனில் எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. மேலும் டையைப் போல அரை மணி நேரத்தில் கழுவுகிற விஷயமும் இல்லை இது, காயும்வரை தோலிலேயே வைத்திருப்பார்கள்.

பூவும் கொடியுமாகப் போட்ட கோடுகள் அப்படியே சிவந்து, தடித்து, கொப்புளமாக எழும்பும். ஆறிய பிறகும் அந்த வடிவத்திலேயே மாதக்கணக்கில் வெளுப்போ கருமையோ தெரியும். சிலருக்குத் தழும்பு தடித்துவிடும்.

எனக்கு இதைவிடப் பெரிதாகத் தெரிவது பின்னால் வரப்போகும் சிக்கல். எட்டு வயதுக் குழந்தைக்கு ஒரு கல்யாணத்தில் ஆசைக்குப் போட்டுவிட்ட கறுப்பு மெகந்தி, அவளுக்கு ஆயுள் முழுக்க பி.பி.டி. அலர்ஜியைக் கொடுத்துவிடலாம். நாற்பது வயதில் முதல் நரைக்கு டை அடிக்கும்போது அது வெளிப்படும். முதல் தடவை அடித்த டைக்கே முகம் வீங்கிவிட்டது என்று ஆச்சரியப்படுகிறவர்களிடம், சின்ன வயதில் கறுப்பு மெகந்தி போட்டதுண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

"நல்ல கோன் எது, மோசமான கோன் எதுன்னு லாங்கு பஜார்ல நின்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

முதலில் விற்பவரிடம் எவ்வளவு நேரம் வைக்க வேண்டும் என்று கேளுங்கள். "பதினைந்து நிமிஷம் போதும், கறுப்பா பிடிக்கும்" என்றால் வாங்காதீர்கள். உண்மையான மருதாணி சில மணி நேரமாவது கையில் இருக்க வேண்டும். எடுத்தவுடன் ஆரஞ்சாகத் தெரிந்து, அடுத்த ஒன்றிரண்டு நாளில்தான் செம்பழுப்பாகக் கறுக்கும். கோனை லேசாக அழுத்தி முகர்ந்து பாருங்கள். இலை வாசனையோ தைல வாசனையோ வந்தால் சரி, பெட்ரோல் மாதிரியோ ஹேர் டை மாதிரியோ வந்தால் வேண்டாம். நிஜமான மருதாணி விழுது வெளியில் வைத்தால் சில நாளிலேயே வீரியம் போய்விடும். கடையில் மாதக்கணக்கில் வெயிலில் தொங்கிய பிறகும் பளிச்சென்று பிடிக்கிறதென்றால் அதைப் பிடிக்க வைப்பது மருதாணி இல்லை.

மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி பக்கமெல்லாம் ரம்ஜான் பிறை பார்க்கும் இரவில் கோன் வியாபாரம் எப்படி நடக்கும் என்று தெரிந்ததுதான். அந்தக் கூட்டத்தில் பெயர் பார்த்து வாங்க முடியாது. முன்கூட்டியே நல்ல பொடி வாங்கி வீட்டிலேயே கரைத்துக்கொள்கிறவர்கள் புத்திசாலிகள். வீட்டுக்குப் பின்னால் மருதாணிச் செடி இருந்தால் பேச்சே இல்லை, அம்மியோ மிக்சியோ போதும்.

"சுத்தமான மருதாணி யாருக்கும் எதுவும் செய்யாது, இல்லையா?"

கிட்டத்தட்ட. மருதாணிக்கே அலர்ஜி ஆகிறவர்கள் மிகக் குறைவு. ஆனால் ஒரு விதிவிலக்கை அவசியம் சொல்ல வேண்டும். ஜி6பிடி என்ற என்சைம் குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்கு மருதாணியைப் பூசினால் லாசோன் தோல் வழியாக உள்ளே போய் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். மஞ்சள் காமாலை, கடுமையான ரத்தசோகை வரை போகும். கைக்குழந்தையின் உள்ளங்கையிலும் பாதத்திலும் குளிர்ச்சிக்கென்று மருதாணி அப்பும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஜி6பிடி குறைவு என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்திருந்தால் வளர்ந்த பிறகும் வேண்டாம்.

"இப்ப வீங்கிடுச்சு. உடனே என்ன செய்யணும்?"

மூச்சுத் திணறல், நாக்கோ தொண்டையோ வீங்குவது, குரல் மாறுவது, தலைசுற்றி மயக்கம் வருவது, இதில் ஏதாவது ஒன்று இருந்தால் இதைப் படித்துக்கொண்டிருக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். இது அபூர்வம், ஆனால் நடக்கிறது. குழந்தை டையை வாயில் போட்டுவிட்டாலும் அப்படித்தான். பி.பி.டி. வயிற்றுக்குள் போனால் கழுத்து வீங்கி மூச்சை அடைக்கும், தசையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். சாப்பிட்டது கொஞ்சம்தானே என்று வீட்டில் வைத்துப் பார்க்கக்கூடாது. பாக்கெட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு ஓட வேண்டும்.

மற்றபடி, தலையில் மிச்சமிருக்கும் சாயத்தை நிறையத் தண்ணீர் விட்டு, மிதமான ஷாம்பு போட்டு அலசுங்கள். வெந்நீர் வேண்டாம், அரிப்பைக் கூட்டும். குளிர்ந்த நீரில் நனைத்த மெல்லிய பருத்தித் துணியை வீங்கிய இடத்தில் வைத்து எடுக்கலாம். எலுமிச்சை, மஞ்சள், தேங்காயெண்ணெயில் வதக்கிய ஏதோ ஒன்று, வாட்ஸ்அப்பில் வந்த இன்னொன்று, எதையும் புண்ணில் பூசாதீர்கள். கண் இமை ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு வீங்கினாலோ, நீர் வடிந்தாலோ, காய்ச்சலோ சீழோ வந்தாலோ அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

"ஒரு செட்ரிசின் போட்டா அடங்காதா? இல்லேன்னா அந்த வெள்ளை ட்யூப் குடுங்க."

செட்ரிசின் அரிப்பைக் கொஞ்சம் குறைத்துத் தூங்க விடும். உள்ளே நடக்கும் அலர்ஜியை நிறுத்தாது, ஏனென்றால் செட்ரிசின் தடுப்பது ஹிஸ்டமின் என்ற பொருளை, இதுவோ ஹிஸ்டமினால் வரும் வகை இல்லை. பலமாக இருந்தால் டாக்டர்கள் சில நாளுக்கு ஸ்டீராய்டு மாத்திரை எழுதுவார்கள். சர்க்கரை, பிரஷர் இருக்கிறவர்கள் அதைச் சொல்லாமல் விழுங்கக்கூடாது.

அந்த வெள்ளை ட்யூப் விவகாரம் எனக்குக் கோபம் வரவழைக்கும் ஒன்று. ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாடிக்கும் ஒன்றாகக் கலந்த கிரீம்களைப் படர்தாமரைக்கும் பூசுகிறார்கள், முகம் வெளுக்கவும் பூசுகிறார்கள், டை அலர்ஜிக்கும் பூசுகிறார்கள். 2018-இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. அதற்குப் பிறகும் கேட்பவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள், கொடுப்பவர்களும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். முகத்தில் நாள்பட பூசினால் தோல் மெலியும், ரத்த நாளங்கள் சிவப்புக் கோடாகத் தெரியும், பரு வரும், நிறுத்தினால் முகம் எரியும். நான் கொடுப்பதில்லை என்று அடுத்த கடைக்குப் போகிறவர்களை என்ன செய்வது!

"அமெரிக்காவுல இருக்கிற பொண்ணு கல்யாணத்துக்கு ஸ்ப்ரே டான் அடிச்சுக்கச் சொல்றா. அதுவும் இதே மாதிரிதானா?"

காட்பாடியிலிருந்து வெளிநாடு போன பிள்ளைகள் அதிகமாக அதிகமாக இந்தக் கேள்வியும் வர ஆரம்பித்திருக்கிறது. நாம் இங்கே வெளுக்கக் கிரீம் தேடுகிறோம், அவர்கள் அங்கே மாநிறம் ஆகக் காசு கொடுக்கிறார்கள். சரி, விஷயத்துக்கு வருவோம்.

தோலை மாநிறமாக்க உடம்பில் தெளிக்கும் ஸ்ப்ரே டானில் வேலை செய்வது டைஹைட்ராக்ஸி அசிட்டோன், சுருக்கமாக டி.எச்.ஏ., சர்க்கரை வகையைச் சேர்ந்த ஒரு பொருள். தோலின் மேலடுக்கில் இருக்கும் இறந்த செல்களின் புரதத்தோடு சேர்ந்து சில மணி நேரத்தில் பழுப்பு நிறத்தை உண்டாக்கும். அந்தச் செல்கள் உதிர உதிர ஒரு வாரம் போலக் கழிந்ததும் நிறமும் போய்விடும். பி.பி.டி.யோடு இதற்கு உறவே இல்லை. டி.எச்.ஏ.வுக்கே அலர்ஜி ஆவது அபூர்வம். ஸ்ப்ரே அடித்த பிறகு அரிப்பும் தடிப்பும் வந்தால் அதில் கலந்திருக்கும் வாசனைப் பொருளையோ, கெடாமல் இருக்கச் சேர்க்கும் பிரிசர்வேட்டிவையோதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். சென்ட், டியோடரன்ட், ஈரத் துடைப்பான் இவற்றுக்கெல்லாம் அரிக்கிறவர்கள் இதிலும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

அமெரிக்க மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. டி.எச்.ஏ.வை வெளித்தோலில் பூச மட்டுமே அனுமதித்திருக்கிறது. கண், உதடு, மூக்கினுள் படக்கூடாது, மூச்சில் இழுக்கக்கூடாது. ஆஸ்துமா இருந்தால் ஸ்ப்ரே அறைக்குப் பதில் கையால் பூசும் லோஷன் மேல். பழுப்பாகிவிட்டது என்பதால் வெயில் சுடாது என்று நினைக்க வேண்டாம், சன்ஸ்கிரீன் தனியாகப் போட வேண்டும். ஒரு நல்ல பயனும் சொல்லிவிடுகிறேன்: வெண்புள்ளி உள்ளவர்கள் அந்த இடத்தை மறைக்க டி.எச்.ஏ. பூசிக்கொள்வதுண்டு. டாக்டரிடம் கேட்டுச் செய்யலாம்.

"பொட்டு வச்ச இடத்துல, டை பட்ட இடத்துல தோல் வெள்ளையாகுது. குஷ்டமா?"

பயத்தோடு கேட்கும் கேள்வி, அதுவும் எங்கள் பக்கத்தில் அதிகம். பழைய வட ஆற்காட்டில் தொழுநோய் பரவலாக இருந்தது. அதற்காகவே 1955-இல் கரிகிரியில் ஷீஃப்லின் தொழுநோய் மையம் வந்தது. அந்தக் காலத்து அச்சம் இன்னும் வீடுகளில் இருக்கிறது.

நெற்றியில் ஸ்டிக்கர் பொட்டின் அளவுக்கே வட்டமாக வெளுத்தால், பெரும்பாலும் பொட்டின் பசையில் இருக்கும் பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் என்ற வேதிப்பொருள் நிறம் தரும் செல்களைக் கொன்றிருக்கும். சில சமயம் முதலில் அரிப்பும் பின்பு வெளுப்பும் வரும், சில சமயம் நேராக வெளுப்புதான். இதே குடும்பத்துப் பிசின் தோல் செருப்பு, ஷூ ஒட்டும் பசையிலும் இருப்பதால் ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் பசை வேலை பார்ப்பவர்கள் கையையும், செருப்பு வார் படும் பாதத்தையும் கவனித்துக்கொள்ள வேண்டும். பி.பி.டி.யும் இப்படி வெளுக்க வைக்கும். ஸ்டிக்கரை நிறுத்துங்கள். குங்குமம் வைத்தாலும் எந்தக் கலப்படமும் இல்லாததாகப் பார்த்து வையுங்கள், மலிவான குங்குமச் சாயத்துக்கும் அலர்ஜி ஆகிறவர்கள் உண்டு.

தொழுநோய்த் தேமல் வேறு மாதிரி. அது அரிக்காது, அந்த இடத்தில் தொடு உணர்வு குறைந்திருக்கும். உணர்வு குறைந்தது போலத் தோன்றினால் மறைக்காமல் காட்டுங்கள். கூட்டு மருந்து இலவசம், முழுதாகக் குணமாகும்.

"டை ஒத்துக்கலைன்னு பல் டாக்டர்கிட்ட எதுக்குச் சொல்லணும்?"

பி.பி.டி.யை ஒத்த அமைப்புள்ள வேறு சில பொருள்களையும் உடம்பு அதே ஆளாக நினைத்துத் தாக்கலாம். மரத்துப்போகப் பூசும் பென்சோகெய்ன், சில சல்ஃபா மருந்துகள், துணிக்குப் போடும் சில அடர்சாயங்கள் அந்த வகை. பென்சோகெய்ன் சில தொண்டை மிட்டாயிலும் மூலநோய் ஆயின்மென்ட்டிலும் இருக்கும். பல் பிடுங்க வழக்கமாகப் போடும் லிக்னோகெய்ன் வேறு குடும்பம், பொதுவாகப் பிரச்சினை தராது. இருந்தாலும் சொல்லிவிடுவது நல்லது.

"நரையை அப்படியே விடச் சொல்றீங்களா?"

விட்டால் சந்தோஷம், ஆனால் எல்லோராலும் முடியாது என்பது எனக்கும் தெரியும். மருதாணியும், நீலச் சாயம் தரும் அவுரிச் செடியின் பொடியும் ஒரு வழி. முதலில் மருதாணி பூசி அலசி, அதன்மேல் தனியாகக் கரைத்த அவுரிப் பொடியைப் பூச வேண்டும். காற்று பட்டு ஒன்றிரண்டு நாளில் கருநீலம் கலந்த கறுப்பு வரும். அவுரி நமக்கு அயலான பொருளும் இல்லை, விழுப்புரம் பக்கம் இன்றும் பயிரிடுகிறார்கள். நேரம் பிடிக்கும், கை நீலமாகும், டை அளவுக்குச் சீராகப் பிடிக்காது. "அவுரிப் பொடி" என்று விற்பதிலும் பி.பி.டி. கலப்பார்கள் என்பதால் பட்டியலைப் பார்ப்பது இங்கேயும் உண்டு.

"பி.பி.டி. இல்லை" என்று விற்கும் டைகளில் பலவற்றில் அதற்குப் பதில் பாரா டொலுயீன் டைஅமீன் இருக்கும். பி.பி.டி. அலர்ஜி உள்ளவர்களில் கணிசமானோருக்கு அதுவும் ஒத்துக்கொள்வதில்லை. டாக்டரிடம் கேட்காமல் மாற்றிப் பார்க்காதீர்கள்.

இதுவரை அலர்ஜி வராதவர்கள் ஒவ்வொரு முறையும் அடிப்பதற்கு இரண்டு நாள் முன்பு காதின் பின்புறம் துளி தடவி, பாக்கெட்டில் சொல்லியபடி பார்க்கலாம். ஒருமுறை வீங்கியவர்கள் இந்த வீட்டுச் சோதனையைச் செய்யவே கூடாது.

"பேட்ச் டெஸ்ட் எங்கே, எப்படி எடுப்பாங்க?"

தோல் பிரிவு சி.எம்.சி.யிலும் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் இருக்கிறது. சி.எம்.சி.க்கு இப்போது ராணிப்பேட்டையிலும் வளாகம் இருப்பதால் எங்கே வர வேண்டும் என்று முன்பே கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். எந்தப் பொருளுக்கு அலர்ஜி என்று கண்டுபிடிக்கும் பேட்ச் டெஸ்ட் வேண்டுமா, எப்போது எடுக்கலாம் என்பதைத் தோல் டாக்டர் முடிவு செய்வார்.

சந்தேகப்படும் பொருள்களைச் சிறு சிறு வில்லைகளில் வைத்து முதுகில் ஒட்டுவார்கள். 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்து, மறுபடியும் ஒன்றிரண்டு நாள் கழித்துப் பார்ப்பார்கள். ஊசி இல்லை, ரத்தம் எடுப்பதில்லை. ஆனால் அந்த நாள்களில் முதுகில் தண்ணீர் படக்கூடாது, அதிகம் வியர்க்கவும் கூடாது. ஆகவே திருப்பத்தூரிலிருந்தோ குடியாத்தத்திலிருந்தோ பஸ்ஸில் வருகிறவர்கள் சித்திரை, வைகாசியைத் தவிர்த்து, மார்கழி, தை மாதிரிக் குளிர்ந்த மாதமாகப் பார்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள். வியர்வையில் பட்டை கழன்றுவிட்டால் திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் சொல்லுங்கள், முடிவு தவறாக வரலாம். பயன்படுத்திய டை, கோன், பொட்டு, கிரீம் எல்லாவற்றின் காலி அட்டையையும் ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள்.